ஊரை விட்டுப் போகும் படம்: கதிரியல் தொழில்களும் கல்முனைக் கரையோரமும்

மனித உடலைத் திறக்காமலே அதன் உட்புறத்தைப் பார்ப்பதைத் தொழிலாகக் கொண்ட மருத்துவத் துறை கதிரியல் எனப்படுகின்றது. பாடநூல்கள் ஊடுகதிர் என்றும் ஊர்வழக்கு எக்ஸ்ரே என்றும் சொல்லும் கதிர், செவிக்கு எட்டாத மீயொலி, வலிமை மிக்க காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு படம் எடுப்பது இத்துறையின் ஒரு பாதி. எடுத்த படத்தை வாசித்து நோயைச் சொல்வது மறுபாதி. முதற்பாதியைச் செய்பவர் வைத்தியசாலைகளில் ரேடியோகிராபர் எனவும், மறுபாதியைச் செய்யும் வைத்தியர் கதிரியல் வைத்திய நிபுணர் எனவும் அழைக்கப்படுகின்றனர். பொதுமக்களில் பலர் இவ்விருவரையும் ஒருவராகவே எண்ணிக்கொள்கின்றனர்; அறிக்கையில் கையொப்பமிடும் நிபுணரை நோயாளி பெரும்பாலும் நேரில் காண்பதும் இல்லை.

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜெர்மனியின் வூர்ட்ஸ்பேர்க் நகரில் வில்ஹெல்ம் ரொண்ட்ஜன் இக்கதிரைக் கண்டறிந்ததிலிருந்து ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் இவ்விரு பணிகளும் ஒரே கூரையின் கீழேயே நடந்துவந்தன. ஏனெனில் படம் என்பது கையில் தூக்கிச் சென்று வெளிச்சப் பெட்டியில் மாட்டிப் பார்க்க வேண்டிய ஒரு பொருளாக இருந்தது, அந்தப் பொருள் எங்கே இருந்ததோ அங்கேதான் அதை வாசிப்பவரும் இருக்க வேண்டியிருந்தது. டிஜிட்டல் தொழினுட்பம், அதாவது படத்தை எண்களின் தொகுதியாக மாற்றிச் சேமிக்கும் இலக்கமுறைத் தொழினுட்பம், கதிரியல் தொழில்களுக்குச் செய்த முதன்மையான காரியம் படத்தை அதன் இடத்திலிருந்து பிரித்ததே ஆகும். இயந்திரம் மனிதரின் வேலையைப் பறித்துவிடுமா என்று மாணவரும் பெற்றோரும் கேட்கும் கேள்வி அதற்கு அடுத்தபடியானது. படம் ஊரை விட்டுப் போகும்போது அதனோடு எந்தெந்த வேலைகள் போகின்றன, எவை ஊரிலேயே தங்குகின்றன என்ற கேள்வியே அம்பாறைக் கரையோரத்துக்கு முந்தியது.

இக்கரையோரத்தின் அமைப்பு அக்கேள்விக்குத் தனி அழுத்தம் தருகின்றது. இலங்கையில் நிர்வாக மாவட்டங்கள் 25 ஆக இருக்கையில் பிராந்திய சுகாதார சேவைகள் பிரிவுகள் 26 ஆக உள்ளமைக்குக் காரணம், அம்பாறை மாவட்டம் அம்பாறை, கல்முனை என இரண்டாகப் பகுக்கப்பட்டிருப்பதே. கடலுக்கும் வயல்வெளிக்கும் இடையே நெருக்கமாகக் கிடக்கும் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில் ஆகிய ஊர்களும், சற்று உள்ளே அமைந்த சம்மாந்துறையும் கல்முனைப் பிராந்தியத்தைச் சேர்ந்தவை. கல்முனை நகரிலேயே அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என இரு பெரிய வைத்தியசாலைகள் இருக்கின்றன. அருகிலுள்ள போதனா வைத்தியசாலையாகிய மட்டக்களப்பு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலும், பிராந்தியத்தின் தென்கோடியாகிய பொத்துவில் தெற்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலும் உள்ளன. கொழும்பையும் மட்டக்களப்பையும் இணைக்கும் ஏ4 நெடுஞ்சாலை இவ்வூர்களின் வழியாகவே செல்கின்றது, அதன் முழு நீளம் 430 கிலோமீற்றர். மூளையில் இரத்தக்குழாய் அடைபட்டுப் பக்கவாதம் கண்ட ஒருவருக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுப்பதற்குப் பொதுவாக நாலரை மணித்தியாலமே கால எல்லை என்பதும், அதற்கு முன் மூளையில் இரத்தக்கசிவு இல்லை என்பதைச் சீ.ரி. ஸ்கேன் மூலம் உறுதிப்படுத்தியே ஆக வேண்டும் என்பதும் தெரிந்தவர்களுக்கு இத்தூரக் கணக்கு வெறும் புவியியலாகத் தோன்றாது.

பிலிம் எனப்பட்ட வெள்ளி உப்புப் பூசிய படத்தாள் இருந்த காலத்தில் எக்ஸ்ரே அறையோடு ஒட்டி ஓர் இருட்டறை இருந்தது; அங்கே மங்கிய சிவப்பு விளக்கின் ஒளியில், உருத்துலக்கும் கரைசலிலும் நிலைநிறுத்தும் கரைசலிலும் படத்தைத் தோய்த்துக் கழுவி உலர்த்தும் உதவியாளர் ஒருவர் இருந்தார். படங்களை உறைகளிலிட்டு இலக்கமிட்டு அலுமாரிகளில் அடுக்கும் எழுதுவினைஞரும், வார்ட்டுக்கும் கிளினிக்குக்கும் அவற்றைத் தூக்கிச் செல்லும் சிற்றூழியரும் அவருக்கு அடுத்தபடியாக இருந்தனர். இந்த மூன்று வேலைகளும் எவரும் கவனியாமலே மறைந்துபோயின. செயற்கை நுண்ணறிவு நிபுணரின் வேலையைப் பறிக்கப்போகின்றது என்று பத்து ஆண்டுகளாக உலகெங்கும் பேசப்படுகின்றது. இருட்டறை உதவியாளரின் வேலை போனதைப் பற்றி எங்கும் ஒரு கட்டுரைகூட எழுதப்பட்டதாகத் தெரியவில்லை. எந்தத் தொழில் மறைகின்றது என்பதைவிட யாருடைய தொழில் மறைகின்றது என்பதே பேச்சின் உரத்தைத் தீர்மானிக்கின்றது போலும்.

இருட்டறையை முதலில் அகற்றியது 1980களில் ஜப்பானின் பியூஜி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த கணினிவழி ஊடுகதிர்ப்பட முறையாகும். இம்முறையில் படத்தாளுக்குப் பதிலாக ஒரு பொசுபர்த் தகடு கதிரின் ஆற்றலைத் தற்காலிகமாகத் தன்னுள் பிடித்து வைத்துக்கொள்கின்றது. பின்னர் அதன்மீது லேசர் ஒளி ஓடும்போது அந்த ஆற்றல் நீலநிற ஒளியாக வெளிப்பட, அவ்வொளியின் அளவு புள்ளி புள்ளியாக எண்ணாக்கப்படுகின்றது. அதன்பின் வந்த நேரடி டிஜிட்டல் முறையில் தகட்டைக் கழற்றி வாசிப்பானில் இட வேண்டிய தேவையும் நீங்கி, கதிர் பட்ட சில நொடிகளில் படம் திரையில் தோன்றுகின்றது.

இங்கே ரேடியோகிராபரின் தொழில்நுட்ப அறிவு அடைந்த மாற்றம் சற்று விரிவாகச் சொல்லத்தக்கது. ஏனெனில் இலகுவாகிவிட்டது என்று வெளியார் நினைக்கும் அந்த வேலை உண்மையில் வேறொரு வகையில் கடினமாகியுள்ளது. பிலிம் தன்னை எடுத்தவரின் தவறை மறைக்காது: கதிர் கூடினால் படம் கறுத்துவிடும், குறைந்தால் வெளிறிவிடும், ஆகவே ஒல்லியான கிழவர் ஒருவரின் நெஞ்சுக்கும் பருத்த உடலுடைய இளைஞரின் முதுகுத்தண்டுக்கும் எவ்வளவு மின்னழுத்தம், எவ்வளவு நேரம் என்பதைக் கண்ணால் அளந்து கணிக்கும் பழக்கம் அக்காலத்து ரேடியோகிராபருக்குக் கைவந்த கலையாக இருந்தது. டிஜிட்டல் முறையிலோ கணினி படத்தின் கருமையையும் வெண்மையையும் தானே சரிசெய்து கொடுத்துவிடுகின்றது. கதிர் குறைந்த படம் மணல் தூவியதுபோல் புள்ளிபட்டுத் தெரிய, கதிர் அளவுக்கு மிஞ்சிய படம் தெளிவாகவும் அழகாகவும் தோன்றுகின்றது. எனவே படம் நன்றாக வந்துவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தாலேயே, எவரும் தீர்மானிக்காமல், நோயாளிக்குச் செல்லும் கதிரின் அளவு மாதம்தோறும் சிறிது சிறிதாக ஏறிச் செல்லக்கூடும். இதனைக் கதிரளவு ஊர்தல் எனலாம். இதைத் தடுக்கும் பொருட்டு இயந்திரம் ஒவ்வொரு படத்தோடும் ஒரு விலகற் சுட்டியைக் காட்டுகின்றது: சுழியம் என்றால் அளவு சரியானது, கூட்டல் மூன்று என்றால் தேவையின் இரு மடங்கு, கழித்தல் மூன்று என்றால் தேவையின் பாதி. திரையின் ஓரத்தில் தோன்றும் இச்சிறு எண்ணைப் பார்க்கின்றவர், பாராதவர் என்ற வேறுபாடே இன்று நல்ல ரேடியோகிராபரையும் பொத்தான் அழுத்துபவரையும் பிரிக்கின்ற கோடாகும். நோயாளிக்கு இந்த வேறுபாடு ஒருபோதும் தெரியவராது. அவருக்கு இரு படங்களும் ஒன்றே. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட ஒழுங்குபடுத்தல் பேரவை எக்ஸ்ரே இயந்திரங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கி மேற்பார்வை செய்கின்றது என்றாலும், தினந்தோறும் அறைக்குள் நடப்பதற்குக் காவல் அங்கே நிற்பவரின் மனச்சாட்சியும் பயிற்சியுமே.

எண்ணாக மாறிய படம் எத்தகையது என்பதை விளங்கிக்கொள்ள இக்கரையோரத்தவருக்கு நூல்நிலையம் தேட வேண்டியதில்லை. மருதமுனையின் தறிக்கூடத்துக்குள் நுழைந்தால் போதும். பாவு நூல் நெடுக்கிலும் ஊடை நூல் குறுக்கிலும் ஓட, அவை சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியிலும் எந்த நிறம் மேலே வர வேண்டும் என்ற கணக்கே சாரத்தின் கட்டமாகவும் சேலையின் கரையாகவும் தோற்றம் கொள்கின்றது. சீ.ரி. ஸ்கேன் படத்தின் ஒரு துண்டம் 512 நெடுக்கு வரிசைகளும் 512 குறுக்கு வரிசைகளும் கொண்ட அத்தகைய நெசவேயாகும்; ஒவ்வொரு கட்டத்திலும் நிறத்துக்குப் பதிலாக அவ்விடத்துத் திசுவின் அடர்த்தியைக் குறிக்கும் ஓர் எண் அமர்ந்திருக்கின்றது. நீருக்கு சுழியமும் காற்றுக்குக் கழித்தல் 1000மும் என வகுக்கப்பட்ட அவ்வளவுகோல், 1971இல் இலண்டனில் முதல் நோயாளியின் மூளையை இம்முறையில் படம்பிடித்து 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கொட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயராலேயே வழங்குகின்றது. ஊடுகதிர் என்ற சொல்லிலும் ஊடை என்ற சொல்லிலும் ஒரே வேர் இருப்பது தமிழ் தானாகவே வைத்திருந்த பொருத்தம்.

ஒரு கட்டத்துக்கு இரண்டு பைட் என்று கொண்டால் ஒரு துண்டம் அரை மெகாபைட் ஆகும். 600 துண்டங்கள் கொண்ட ஒரு பரிசோதனை 300 மெகாபைட்டைப் பிடிக்கும். நொடிக்குப் பத்து மெகாபிட் வேகமுள்ள சாதாரண இணைப்பில் அது நான்கு நிமிடங்களில் பொத்துவிலிலிருந்து கல்முனைக்கோ கொழும்புக்கோ போய்ச் சேர்ந்துவிடும். வெவ்வேறு நிறுவனங்களின் இயந்திரங்கள் ஒன்றின் படத்தை ஒன்று புரிந்துகொள்ளும்படி 1993இல் டைகொம் என்னும் பொதுத் தரம் உருவாக்கப்பட்டதும், படங்களை ஒரு மையக் கணினியில் சேமித்து வேண்டிய இடத்தில் திறந்து காட்டும் பெக்ஸ் என்னும் சேமிப்பு முறை வைத்தியசாலைகளில் பரவியதும் இந்தப் பயணத்துக்கான பாதையை அமைத்தன. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இழந்த மாவட்டத்தின் கரையோரத்தில், ஒரே கட்டடத்தின் அலுமாரியில் மட்டும் மருத்துவ ஆவணங்களை வைத்திருப்பது எத்தகைய பேதைமை என்பதை எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மேட்டுநிலத்தில் ஒரு மறுபிரதி என்பது டிஜிட்டல் முறையால் மட்டுமே ஆகக்கூடிய காரியம்.

ஆனால் முறையான பாதை இல்லாதவிடத்துப் படம் முறையற்ற பாதையில் போய்விடுகின்றது. பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைபேசியால் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பி, கருத்துக் கேட்பது நாடெங்கும் காணப்படும் வழக்கம். அவசரத்தில் அது உயிரையும் காத்திருக்கலாம். எனினும் மூல டிஜிட்டல் படம் பெரும்பாலும் நான்காயிரம் சாம்பல் நிறச் சாயல்களைக் கொண்டிருக்க, கைபேசிப் படம் 256 சாயல்களையே காட்டும். நுரையீரலின் ஓரத்தில் மயிரிழைபோல் ஓடும் காற்றுக்கசிவின் கோடு அந்த இழப்பில்தான் மறைந்துபோகும். மேலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வகுத்துள்ள நிலையில், நோயாளியின் பெயர் மூலையில் பொறிக்கப்பட்ட படம் குழுவுக்குக் குழு தாவுவது ஏற்புடையதாகாது. வெளியே படமெடுத்தவர்களுக்குக் கொடுக்கப்படும் இறுவட்டும் இன்னொரு வேடிக்கை: அதைத் திறக்கும் பெட்டி இன்று பெரும்பாலான மடிக்கணினிகளில் இல்லை.

படம் பயணம் செய்யத் தொடங்கியதும் வாசிப்பவரின் தொழிலும் பயணம் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவில் இரவாக இருக்கும்போது இந்தியாவில் பகல் என்ற எளிய உண்மையை மூலதனமாக்கி, யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய வைத்தியர் அர்ஜுன் கல்யாண்பூர் 2002இல் பெங்களூரில் நிறுவிய டெலிரேடியாலஜி சொல்யூஷன்ஸ், அமெரிக்க வைத்தியசாலைகளின் நள்ளிரவு அவசரப் படங்களைப் பெங்களூரின் பகல் வெளிச்சத்தில் வாசித்து அனுப்பியது. தொலைக்கதிரியல் எனப்படும் இம்முறையில் சட்டம் ஒரு நுட்பமான எல்லையை வரைந்திருந்தது: அமெரிக்க மூத்தோர் மருத்துவக் காப்புத் திட்டம் நாட்டுக்கு வெளியே செய்யப்படும் மருத்துவச் சேவைக்குப் பணம் செலுத்துவதில்லை, ஆகவே வெளிநாட்டில் எழுதப்படுவது முதற்கட்ட அறிக்கையாகவும், காலையில் உள்ளூர் நிபுணர் ஒப்பமிடுவது இறுதி அறிக்கையாகவும் கொள்ளப்பட்டன. படம் எங்கும் போகலாம், ஆனால் பொறுப்பு ஒரு மண்ணில் வேரூன்றியிருக்க வேண்டும் என்ற கோட்பாடு இதிலே பொதிந்துள்ளது. இலங்கையில் வைத்தியத் தொழில் புரிவோர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்றிருத்தல் வேண்டும் என்ற விதியும் அதே கோட்பாட்டின் பாற்பட்டதே.

இலங்கையில் நிபுணராவதற்கான வழி கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் வழியாகவே செல்கின்றது. பயிற்சியும் பெரும்பாலும் பெரிய நகரங்களின் போதனா வைத்தியசாலைகளிலேயே நடைபெறுகின்றது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியர்களும் நிறைவுகாண் மருத்துவ சேவையினரும் பெருமளவில் நாட்டை விட்டு வெளியேறிய சூழலில், கரையோர வைத்தியசாலை ஒன்றுக்கு நிபுணரை நிரந்தரமாகப் பெறுவது முன்னரைவிடக் கடினமாகியிருக்கின்றது. தொலைக்கதிரியல் இதற்கு மருந்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதுவே இன்னொரு நோயாகவும் மாறக்கூடும். படம் கொழும்பில் வாசிக்கப்படுவது வழக்கமாகிவிட்டால் இங்கே நிபுணர் பதவி எதற்கு என்ற கேள்வி ஒரு நாள் நிர்வாகத்தில் எழும். நிபுணர் இல்லாத இடத்தில் வீக்கத்துக்குள் ஊசி செலுத்தித் திசு எடுப்பதற்கும், ஈரலில் கட்டிய சீழை மீயொலியின் துணையோடு குழாய் வைத்து வடிப்பதற்கும் ஆள் இருக்காது. அவ்வேலைகளை எந்தக் கம்பியின் வழியாகவும் அனுப்ப முடியாது. தலையீட்டுக் கதிரியல் எனப்படும் அப்பிரிவே டிஜிட்டல் காலத்தில் நிபுணரின் தொழிலில் வேகமாக வளரும் ஒரு கிளை என்பதை மருத்துவம் நாடும் மாணவர் மனத்திற்கொள்ளுதல் நலம்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றிய பேச்சுக்கு இனி வரலாம். ரொரன்ரோவைச் சேர்ந்த கணினி விஞ்ஞானி ஜெஃப்ரி ஹின்ரன், கதிரியல் நிபுணர்களுக்குப் பயிற்சி அளிப்பதை இப்போதே நிறுத்திவிட வேண்டும் என்ற கருத்தை 2016இல் வெளியிட்டார். ஐந்து ஆண்டுகளில், மிஞ்சினால் பத்து ஆண்டுகளில், இயந்திரம் அவர்களை விஞ்சிவிடும் என்பது அவர் கணிப்பு. அவருக்கு 2024இல் பௌதிகவியல் நோபல் பரிசு கிடைத்தது, கணிப்போ பலிக்கவில்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கதிரியல் நிபுணர்களின் தொகை 2016இலிருந்து பாதிக்கு மேல் கூடி நானூற்றைத் தாண்டியது. தாம் அளவுக்கு மிஞ்சிப் பொதுமைப்படுத்திப் பேசிவிட்டதாக ஹின்ரனும் பின்னர் ஒப்புக்கொண்டார். படங்களை எடுப்பது எளிதானதால் அவற்றின் தொகை பெருகியதும், வாசிப்பது நிபுணரின் பணிகளில் ஒன்று மட்டுமே என்பதும் இத்தவறுக்குக் காரணங்கள்.

இருந்தபோதிலும் இயந்திரத்தைப் பொய்யென்று ஒதுக்குவதும் அறியாமையே. சுவீடனில் எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களின் மார்பகப் படங்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2023இல் முதல் முடிவுகள் வெளியிடப்பட்ட மசாய் ஆய்வில், இரு நிபுணர்கள் தனித்தனியே வாசிக்கும் வழமைக்குப் பதிலாக மென்பொருள் படங்களை ஆபத்தின் அளவுக்கேற்பத் தரம்பிரித்துக் கொடுத்தபோது, கண்டறியப்பட்ட புற்றுநோய்களின் அளவு குறையாமலே வாசிப்புப் பணி 44 வீதம் குறைந்தது. காசநோய்த் தேடலில் நெஞ்சுப் படத்தைக் கணினியே வாசிப்பதை, 15 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு, உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஏற்றுப் பரிந்துரைத்தது. கையில் தூக்கிச் செல்லத்தக்க எக்ஸ்ரே கருவியோடு சேரும்போது, இது பொத்துவில் போன்ற தொலைவூர்களுக்கு மிகவும் பயன் தரக்கூடிய ஒன்று.

ஆனால் மென்பொருள் எதைப் பார்த்து முடிவெடுக்கின்றது என்பதை ஓர் ஆய்வு அதிர்ச்சி தரும் வகையில் காட்டியது. நியூமோனியாவைக் கண்டறியப் பயிற்றப்பட்ட ஒரு மென்பொருள், தான் பயின்ற வைத்தியசாலைகளின் படங்களில் சிறப்பாகவும் வேறிடத்துப் படங்களில் தாழ்வாகவும் செயற்பட்டதை 2018இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நுரையீரலைக் கவனித்ததோடு, வலம் இடம் காட்ட ரேடியோகிராபர் படத்தின் மூலையில் வைக்கும் உலோக எழுத்தைக் கொண்டும் அது எந்த வைத்தியசாலையின் படம் என்பதை மென்பொருள் ஊகித்திருந்தது. நோயாளர் அதிகம் வரும் வைத்தியசாலையின் எழுத்தைக் கண்டால் நோய் இருக்கும் என்று சொல்லிவிடுவது, குடும்பப் பெயரைக் கேட்டு மாணவனுக்குப் புள்ளி போடும் ஆசிரியரின் செயலை ஒத்தது. அமெரிக்க நகரத்து உடல்களில் பயின்ற மென்பொருளை இக்கரையோரத்து உடல்களில் பயன்படுத்துமுன், உள்ளூர்ப் படங்களில் அதைச் சோதித்துப் பார்க்கும் பணி ஒன்று தேவைப்படுகின்றது. அப்பணியை வெளியூரிலிருந்து எவரும் வந்து செய்து தரப்போவதில்லை. அதுவும் ஒரு தொழிலே, அதற்கான பெயர் இன்னும் தமிழில் நிலைபெறவில்லை.

இப்பகுதிச் சமூகத்தின் இரு தேவைகள் இத்தொழில்களுக்குத் தனி உருவம் கொடுக்கக்கூடியன. முதலாவது பெண்களின் தேவை. மார்பகப் படம், கர்ப்பகால மீயொலிப் பரிசோதனை ஆகியவற்றைப் பெண்ணொருவரே செய்ய வேண்டும் என்று முஸ்லிம் பெண்களில் மிகப் பலரும், பிற சமூகப் பெண்களில் பலரும் விரும்புகின்றனர். அவ்வாறு ஒருவர் இல்லாதபோது பரிசோதனை தள்ளிப்போடப்படுகின்றது, தள்ளிப்போட்ட கட்டி வளர்ந்துவிடுகின்றது. கல்முனை மஹ்மூத் மகளிர் கல்லூரி போன்ற பாடசாலைகளிலிருந்து விஞ்ஞானப் பிரிவில் ஆண்டுதோறும் வெளியேறும் மாணவிகள் மருத்துவ பீடம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டதாகக் கருதும் மனநிலையோடு இதை இணைத்துப் பார்க்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இணைந்த சுகாதார விஞ்ஞான பீடத்தில் ரேடியோகிராபிக்கு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு. கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகமும் அதனை வழங்குகின்றது. குழந்தை வளர்ப்பின் பொருட்டு வேலையை விட்டு நிற்கும் பெண் நிபுணர், பாதுகாப்பான இணைப்பும் உரிய தரமுள்ள திரையும் வழங்கப்பட்டால் வீட்டிலிருந்தே படங்களை வாசிக்க முடியும் என்பதும், படம் ஊரை விட்டுப் போக முடிவதன் நன்மையான மறுபக்கம்.

இரண்டாவது தேவை மரணத்தைப் பற்றியது. விபத்திலோ திடீரெனவோ ஒருவர் இறந்தால் 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி மரண விசாரணை நடத்தப்படுகின்றது. தேவைப்படுமிடத்து சட்ட வைத்திய அதிகாரி உடலைத் திறந்து பரிசோதிக்கின்றார். ஜனாஸாவைத் தாமதமின்றி நல்லடக்கம் செய்வதையும், இறந்தவரின் உடலுக்கு ஊறு நேராமையையும் கடமையாகக் கொண்ட குடும்பங்களுக்கு அந்த மணித்தியாலங்கள் மிகுந்த துயரமானவை. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை கொவிட் தொற்றால் இறந்தோரின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட காலத்தின் வடு இன்னும் ஆறாத சமூகத்தில் இதன் கனம் இரு மடங்கு. சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகரில் 1990களின் இறுதியில் வளர்த்தெடுக்கப்பட்ட மெய்நிகர்ப் பிரேத பரிசோதனை, இறந்த உடலைச் சீ.ரி. ஸ்கேன் செய்து, கத்தி வைக்காமலே காரணத்தைத் தேடும் முறையாகும். இங்கிலாந்தின் லங்கஷயர் பகுதியில் அது நடைமுறையில் உள்ளது, புதுடில்லியின் எய்ம்ஸ் வைத்தியசாலை 2021இல் அதனைத் தொடங்கியது. இதன் குறையையும் மறைக்கக் கூடாது: 2012இல் லான்செற் இதழில் வெளியான ஆய்வில், சீ.ரி. ஸ்கேன் சொன்ன மரணக் காரணத்துக்கும் உடலைத் திறந்து கண்ட காரணத்துக்கும் இடையே 32 வீதமானவற்றில் பெரிய வேறுபாடு இருந்தது. மாரடைப்பும் நஞ்சும் படத்தில் இலகுவில் அகப்படுவதில்லை. வாகன விபத்திலும் உயரத்திலிருந்து விழுந்ததிலும் ஏற்பட்ட காயங்களுக்கு அது பெரிதும் போதுமானது; எப்போது போதும், எப்போது போதாது என்று துணிந்து சொல்லக்கூடிய, சட்டமும் படமும் ஒருங்கே அறிந்த நிபுணர் தேவை. அத்தகைய தடயக் கதிரியலைத் தொழிலாக வளர்த்தெடுக்க இக்கரையோரத்தைவிடப் பொருத்தமான இடம் இந்நாட்டில் வேறில்லை.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் செய்யத்தக்க காரியம் ஒன்று புலப்படுகின்றது. அக்கரைப்பற்று, சம்மாந்துறை, நிந்தவூர், திருக்கோவில், பொத்துவில் வைத்தியசாலைகளின் படங்கள் கல்முனையிலேயே வந்து சேரும் பொது வாசிப்பறை ஒன்று அமையுமானால், கொழும்புக்குப் போகவேண்டிய வாசிப்பு பிராந்தியத்துக்குள்ளேயே தங்கும். இரு நிபுணர்கள் இந்த ஐந்து வைத்தியசாலைகளுக்கும் விடை சொல்லலாம். அவர்களின் அருகே இளம் வைத்தியர்கள் பயிலலாம். அந்த வலைப்பின்னலைக் கட்டிப் பேணவும், சேமிப்புக் கணினியை நிர்வகிக்கவும், மென்பொருளை உள்ளூர்ப் படங்களில் சோதிக்கவும், விலகற் சுட்டிகளை மாதந்தோறும் தொகுத்துப் பார்க்கவும் பொறியியலும் கணினியும் படித்தவர்கள் வேண்டும். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றிய ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல், தொழினுட்பம், பிரயோக விஞ்ஞானம் ஆகிய பீடங்கள் உள்ளன. அவற்றின் இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுத் தலைப்புகளில் கதிரியல் படங்களும் இடம்பெறத் தொடங்குவதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை, பெயர் நீக்கிய படங்களை வழங்குவதற்கான நெறிமுறை அனுமதியும் இரு தரப்பின் ஓர் உடன்படிக்கையுமே தேவை. பல்கலைக்கழகத்தாரும் பிராந்திய சுகாதார அதிகாரிகளும் இரு கல்முனை வைத்தியசாலைகளின் நிர்வாகங்களும் அந்த உடன்படிக்கைக்காக ஒரு மேசையைச் சுற்றி அமர வேண்டும் என்பதே இவ்வுரையின் வேண்டுகோள். ஒலுவிலுக்கும் கல்முனைக்கும் இடையே உள்ள தூரம் இருபது கிலோமீற்றர் அளவே.